குருத்துக்குள் பதுங்கும் படை

குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சாலையின் இரு பக்கமும் மக்காச்சோளக் காடு. விதைத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முந்தின இரவு புரட்டாசி மழை பெய்திருந்ததால் செம்மண் காலில் அப்பியது. சேர்வராயன் மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது.

பூச்சியியலில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் ஒரு மாணவியோடு போயிருந்தேன். காட்டுக்குள் இறங்கியதும் அவர் சால் பிடித்து நேராக நடக்கவில்லை. ஓரத்திலிருந்து உள்ளே, அங்கிருந்து மறுபடி ஓரம் என்று வளைந்து வளைந்து போனார். ஐந்து இடங்களில் நின்றார். ஒவ்வொரு இடத்திலும் இருபது செடிகளின் குருத்தை விரலால் விரித்துப் பார்த்து, சிறு நோட்டில் கோடு போட்டார். நூறு செடியில் எத்தனை செடி புதிதாகக் கடிபட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்து செடியில் புதுச் சேதம் தெரிந்தாலே தடுப்பு வேலையைத் தொடங்க வேண்டும். குருத்து நன்றாக வளர்ந்த பிறகு பத்து வரை பொறுக்கலாம். அந்தக் காட்டில் எண்ணிக்கை பத்தையும் தாண்டியிருந்தது.

"தள்ளி நின்னு பார்த்தா பச்சப் பசேல்னுதான் இருக்கும் சார். கிட்ட வந்து குருத்தப் பிரிச்சாதான் தெரியும்," என்றார் காட்டுக்காரரான அக்கா. கையில் களைக்கொத்து. மாணவியை அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார்.

நானும் ஒரு செடியின் முன் குனிந்தேன். கீழ் இலைகளில் பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு, மேல்தோல் கண்ணாடித் தாளாக மிஞ்சியிருந்தது. அது முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுப் புழுக்களின் வேலை. அதற்கு மேலே இருந்த இலைகளில் வரிசையாக ஓட்டைகள். இலை சுருண்டிருந்தபோது ஒரே கடியில் போட்ட துளை, விரிந்தபின் வரிசையாகத் தெரிகிறது. நடுக் குருத்தில் ஈர மரத்தூளாக எச்சம் அடைத்துக் கிடந்தது. மாணவி அதைக் குச்சியால் ஒதுக்கினார். உள்ளே பழுப்பு நிறப் புழு ஒன்று உடலைச் சுருட்டிக்கொண்டது.

அதைத் தூக்கி வெள்ளைத் தாளில் விட்டு அடையாளம் காட்டினார். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாக எழுதிய வெளிர்க்கோடு. வால்பக்கம், கடைசிக்கு முந்தைய கண்டத்தில், சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். நம் ஊரில் முன்பிருந்தே உள்ள புகையிலை வெட்டுப்புழுவுக்கும் நெற்பயிர்ப் படைப்புழுவுக்கும் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை. இது அமெரிக்கன் படைப்புழு. அறிவியல் பெயர் ஸ்போடாப்டெரா ப்ரூஜிபெர்டா.

இரண்டு ஆண்டில் கடந்த தூரம்

அமெரிக்கக் கண்டத்து விவசாயிகளுக்கு இது பழைய எதிரி. 1797இலேயே ஜே. இ. ஸ்மித் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். ஜார்ஜியாவில் ஜான் அபாட் வரைந்த ஓவியங்களே அதற்கு ஆதாரம். அதன்பின் இருநூறு ஆண்டுக்கும் மேலாக அந்தக் கண்டத்தைத் தாண்டி இது நிலைகொண்டதாகப் பதிவில்லை. 2016இன் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. இரண்டே ஆண்டில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் பரவியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதி மக்காச்சோளத்தில், அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சரணபசப்பாவும் கல்லேஷ்வரசுவாமியும் கண்டறிந்தார்கள். ஆசியாவில் அதுவே முதல் பதிவு. ஜூலை முடிவில் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவிவிட்டது. தமிழகத்தில் கரும்பையும் அது தாக்கியதை கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தினர் அதே ஆண்டு பதிவு செய்தார்கள். 2019இல் சீனா, 2020இல் ஆஸ்திரேலியா.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் தாய் அந்துப்பூச்சியின் இறக்கை. காற்றின் துணையிருந்தால் ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் போகும். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். குவியலுக்கு நூறு, இருநூறு என்று இட்டு, தன் வயிற்றுச் செதில்களையே உதிர்த்து அவற்றை மூடிவைக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் வெளிவரும். நூலில் தொங்கி, காற்றில் ஆடி, பக்கத்துச் செடிக்குத் தாவும். ஆறு முறை தோல் உரித்து, இரண்டு மூன்று வாரம் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அதன் உணவுப் பட்டியலில் முந்நூற்றைம்பதுக்கும் அதிகமான தாவரங்கள் உண்டு. முதலிடம் மக்காச்சோளத்துக்கு.

சேலம் மாவட்டத்துக்கு இது பெரிய செய்தி. வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி வட்டாரங்களிலும் அடுத்துள்ள பெரம்பலூரிலும் மானாவாரிக்காரர்களின் பணப்பயிர் மக்காச்சோளம். விளைவதில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனமாகிறது. நாம் உடைத்து ஊற்றும் முட்டைக்குப் பின்னால் இந்தக் காடுகள் இருக்கின்றன. 2018 பருவத்தின் சேதத்துக்குத் தமிழக அரசு 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அடுத்த ஆண்டு விவசாயிகளின் காடுகளில் மருந்து தெளிக்கத் தனியாக நிதி ஒதுக்கியது.

"அந்த வருசம் கதிரே நிக்கல. என்ன புழுன்னே தெரியாம கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் அடிச்சோம். டேங்க் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனதுதான் மிச்சம்," என்றார் அக்கா.

மருந்து ஏன் தோற்றது

அவர் அடித்த மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதை மாணவி செடியை வைத்தே விளக்கினார். வளர்ந்த புழு பகலில் குருத்தின் அடியில் இருக்கிறது. அதன் தலைக்கு மேல் அதன் எச்சமே மூடியாக அடைத்திருக்கிறது. மேலாகத் தூவும் மருந்து இலையில் வழிந்து போகும், புழுவைத் தொடாது. இலைமேல் உலவும் பொறிவண்டையும் சிலந்தியையும் குளவியையும் கொன்றுவிடும். புழு பிழைத்துக்கொள்ள, அதைத் தின்பவை செத்துப்போகும். அடுத்த வாரம் இன்னும் அதிகப் புழு, இன்னும் கடுமையான மருந்து.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துக் கொடுத்த முறை இந்தச் சுழலை உடைக்கப் பார்க்கிறது. கோடையில் ஆழ உழுது கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது முதல் வேலை. கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பிறகு விதை நேர்த்தி. காட்டைச் சுற்றித் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்ற வரப்புப் பயிர். உள்ளே போய்ப் பார்க்க வசதியாக, பத்து வரிசைக்கு ஒரு முறை அகல இடைவெளி. இனக்கவர்ச்சிப் பொறி. மருந்துக்கு அதன் பிறகே இடம், அதுவும் பருவம் பார்த்து. பதினைந்து இருபது நாள் பயிரில் வேம்பு சார்ந்த அசாடிராக்டினோ குளோரான்ட்ரனிலிப்ரோலோ, நாற்பது நாளை ஒட்டி எமாமெக்டின் பென்சோயேட்டோ ஸ்பைனிடோராமோ. ஒரே மருந்தைத் திருப்பி அடிக்கக் கூடாது. குருத்தைக் குறிபார்த்து அடிக்க வேண்டும். 

இந்த வரிசையின் பெரும்பகுதி முதல் இருபது நாளைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. குஞ்சுப் புழு இலையின் மேற்பரப்பில் இருக்கும் சில நாள்கள் மட்டுமே அது கைக்கு எட்டும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் அப்போது அது சாகும். முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி நசுக்கிவிடலாம். குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலும் சுண்ணாம்பும் கலந்து போட்டாலும் பலன் உண்டு. பிந்தினால் இவை எதுவும் கேட்காது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காடு. அக்காவின் கொழுந்தனாருடையது. வரப்பு நெடுகத் தட்டைப்பயறு கொடி ஓடியிருந்தது. இடையிடையே எள் பூத்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். அங்கும் கடிபட்ட செடிகள் இருந்தன. எண்ணிக்கை குறைவு. ஓர் இலையடியில் முட்டைக் குவியல் கிடைத்தது. கருத்துப் போயிருந்த அதை மாணவி இலையோடு வெட்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சால் அடைத்தார். "இதுலேர்ந்து புழு வராது சார், குளவி வரும்," என்றார்.

அவர் சொன்ன குளவி டெலினோமஸ் ரீமஸ், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழுவாக வேண்டியது குளவியாகப் பறந்து போகும். கடைகளில் அட்டையாகக் கிடைக்கும் டிரைக்கோகிரம்மா குளவிக்கு இந்தப் பூச்சியின் முட்டையை மூடியிருக்கும் செதில் அடுக்கு தடையாகிவிடுகிறது. டெலினோமஸ் அதைத் துளைத்து அடி அடுக்கு முட்டைவரை போகும். புகையிலை வெட்டுப்புழுவை அடக்குவதற்காக 1960களில் நியூகினியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. அன்று வேறொரு பூச்சிக்காக உழைத்தவர்களின் பலன், அரை நூற்றாண்டு கழித்து வந்த இன்னொரு பூச்சிக்கு எதிராக இந்த வரப்பில் உதவுகிறது. தட்டைப்பயறும் எள்ளும் இருந்தால் இத்தகைய நண்பர்கள் தங்க நிழலும் தேனும் கிடைக்கும். மருந்து வாடை மட்டுமே வீசும் காட்டில் இவை ஒரு நாளும் தங்கா.

ஏத்தாப்பூர் தந்த பாடம்

குளவியை நம்புவது கனவுத் திட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதே மாவட்டத்தின் ஆத்தூர்ச் சாலையில் விடை இருக்கிறது. பெத்தநாயக்கன்பாளையம் போகும் வழியில் ஏத்தாப்பூர். அங்கே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சில மாதங்களில் சேலம், நாமக்கல் காடுகளை வெள்ளையாக்கியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிய ஊர்கள் தவித்தன. அதுவும் கடல் கடந்து வந்த பூச்சிதான். எந்த மருந்தும் நிலைக்கவில்லை. ஆப்பிரிக்கா இதே பூச்சியை முன்பு அடக்கியது அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியால். தேசிய வேளாண் பூச்சி வள மையம் அதை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் காட்டில் விட்டது. விட்ட குளவி தானே பெருகிப் பரவியது.

படைப்புழுவுக்கு அப்படி ஒரே ஒரு குளவியால் முடிவு கட்ட முடியாது. அது பறக்கும் தூரமும் உண்ணும் பயிர்களின் எண்ணிக்கையும் வேறு. அதனால் ஆராய்ச்சி பல முனைகளில் நடக்கிறது. முட்டைக்கு டெலினோமஸ். இளம்புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவும், இந்தப் புழுவை மட்டுமே தாக்கும் நச்சுயிரியும். வளர்ந்த புழுவுக்குப் பூஞ்சை. பெங்களூர் மையம் இவற்றின் உள்நாட்டு இனங்களைக் கண்டெடுத்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியையும், சுற்றிலும் புல்லையும் நட்டார்கள். நடுவில் உள்ள செடியின் வாசனை தாய்ப்பூச்சியை விரட்டும், ஓரப் புல் இழுத்துக்கொள்ளும். 2018இல் வெளியான ஆய்வின்படி அத்தகைய காடுகளில் பயிர்ச் சேதம் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. கொழுந்தனார் வரப்பில் நான் பார்த்ததும் அந்தத் திசையில் எடுத்துவைத்த ஓர் அடியே.

மலை ஏறியபோது

பிற்பகலில் குப்பனூர் பாதையில் மேலே ஏறினோம். கொட்டச்சேடு தாண்டும்போது காற்று மாறியது. சில்வர் ஓக் மரமும் அதில் படர்ந்த மிளகும் கீழே காப்பியும் தொடங்கிவிட்டன. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழ். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் வேறொரு பருவத்துக்குள் போய்விடுகிறோம்.

புழுவுக்கும் அது வேறு பருவம். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை பூச்சியாக 20 நாள் போதுமாக இருந்தது. 18 டிகிரியில் 71 நாள் பிடித்தது. ஏறக்குறைய 12, 13 டிகிரிக்குக் கீழ் வளர்ச்சியே நிற்கிறது. அடிவாரப் புழு மூன்று தலைமுறையைக் கடக்கும் காலத்தில் மலைப் புழு ஒன்றைத்தான் முடிக்கும் என்று பொருள். குளிரில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும் பழக்கமும் அதற்கு இல்லை. ஆனால் வெப்பக் காலம் நீண்டால் இந்தக் கணக்கு மாறும். மலையென்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் தவறு. 2019இல் மிசோரம் மலைச்சரிவுகளின் மக்காச்சோளத்தை இதே புழு சூறையாடியது. கீழேயிருந்து பறந்துவரும் பூச்சிக்கு இந்த உயரம் தடையே அல்ல.

சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பயிர் சாமை, தினை, கேழ்வரகு. காப்பித் தோட்டங்களும் கூலி வேலையும் வந்து அந்தப் பரப்பைச் சுருக்கிவிட்டன. ஆனாலும் சரிவான துண்டு நிலங்களில் இன்னும் விதைக்கிறார்கள். இந்தியாவில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றிலும் படைப்புழு காணப்பட்டிருப்பதால், நான் இங்கே பார்க்க விரும்பியது இவற்றைத்தான்.

ஒரு கேழ்வரகுத் துண்டில் மாணவி மறுபடி தன் வளைநடையைத் தொடங்கினார். நிலத்துக்காரப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேழ்வரகுக்கு நடுவே அவரை, மொச்சை, ஓரமாக ஆமணக்கு. கேழ்வரகு இலைகளில் வெட்டுக்கிளி கடித்த தடம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வீட்டை ஒட்டி, சுட்டுத் தின்ன விதைத்திருந்த சிறு மக்காச்சோளப் பாத்தியில் மட்டும் நாலைந்து செடிகளில் அந்த வரிசை ஓட்டைகள். ஒரு செடியின் மேலிலையில் செத்த புழு ஒன்று விறைத்து ஒட்டியிருந்தது. உடல் முழுக்க வெள்ளைப் பூசணம், அதன் மேல் வெளிர்பச்சைப் பொடி.

மாணவி முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அது மெட்டாரைசியம் வகைப் பூஞ்சையாக இருக்கலாம், ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி என்றார். மெட்டாரைசியம் ரைலேயி என்ற இனம் தென்னிந்தியக் காடுகளில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் படைப்புழுக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது அறிந்த செய்தி. அதன் வித்துக்கு ஈரமும் மிதமான குளிரும் வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் இரண்டும் உண்டு.

"நாங்க மருந்து அடிக்கிறதில்லீங்க. அடிக்கக் காசும் கிடையாது. பல தானியத்தச் சேத்துப் போட்டா ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்னு அப்பா சொல்வாரு," என்றார் பெரியவர்.

அவர் வறுமையைப் பெருமையாக்கிப் பேச எனக்கு மனமில்லை. அவருடைய விளைச்சல் சிறிது; அதில் ஒரு புழுப் பருவம் விழுந்தால் தாங்க அவரிடம் சேமிப்பில்லை. ஆனால் அவர் பாத்தியில் நடந்ததைக் கவனிக்காமல் விட்டாலும் தவறு. கலந்த பயிர், கலையாத ஓரம், கொல்லப்படாத நன்மைப் பூச்சி, பூஞ்சைக்கு ஏற்ற ஈரம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் புழுவைக் குறைத்திருக்கிறது. அடிவாரத்தில் ஆய்வாளர்கள் பரிந்துரையாக எழுதிக்கொடுப்பதன் பெரும்பகுதி, இந்த மேட்டில் வழக்கமாக ஏற்கெனவே இருக்கிறது.

செய்ய வேண்டியது

மலையும் அடிவாரமும் சேர்ந்த இந்தப் பாதை ஆராய்ச்சிக்கு அரிய வாய்ப்பு. முந்நூறு மீட்டரிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்வரை படிப்படியாக இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்து ஆண்டு முழுவதும் எண்ணினால், பூச்சி எந்த மாதம் எந்த உயரத்துக்கு ஏறுகிறது, எந்தக் குளிரில் நிற்கிறது, எந்த ஈரத்தில் பூஞ்சை அதை முந்துகிறது என்பதெல்லாம் தெரியும். வெப்பம் கூடிவரும் காலத்தில் சிறுதானிய மலைகள் அனைத்துக்கும் அந்தக் கணக்கு தேவைப்படும். ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலை ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி தந்து, கூலி தந்து, இந்தக் கணக்கெடுப்பை ஒப்படைக்கலாம்.

சமவெளியில் தேவை இன்னும் எளியது. ஓர் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் விதைத்தால், முன்னும் பின்னுமாக நிற்கும் இளம்பயிர்களில் புழு மாறிமாறிப் பெருக வழியிருக்காது. அதை ஊர்கூடித்தான் முடிவு செய்ய முடியும். விதைத்த ஏழாம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை யாராவது காட்டில் வளைந்து நடந்து குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்ற எண்ணிக்கை தெரிந்த அன்றே அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்தி போக வேண்டும். கடைக்காரர் சொல்லும் மருந்துக்கு முன்னால் அந்த எண் போய்ச் சேர வேண்டும்.

அக்கா போன்றவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. களை பறிப்பும் மாட்டு வேலையும் வீட்டு வேலையும் முடித்தபின் நூறு குருத்தை விரித்துப் பார்க்க நேரம் இல்லை. அதற்கு ஆள் வைக்கக் கூலி இல்லை. ஆய்வு நிலையம் கண்டுபிடித்த நல்ல முறைகள் காடுவரை வராமல் நின்றுபோவது இந்த இடத்தில்தான். சேதம் நடந்தபின் கோடிக்கணக்கில் நிவாரணம் தர அரசால் முடிந்திருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை, விதைத்த முதல் இருபது நாளில் ஊர்தோறும் காட்டில் நடந்து எண்ணிச் சொல்லும் ஆட்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தால், நிவாரணம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டிய விவசாயிகள் குறைவார்கள்.